மயிலாத்தா கிணற்றுத் தண்ணீர்

உட்காருங்க அம்மிணி. நின்றுகொண்டே வாசலைப் பார்த்தால் மட்டும் ஆள் வந்துவிடுமா? வருவார்கள். நான் வந்துவிட்டேன் இல்லையா, இனி ஒவ்வொருத்தராக வருவார்கள்.

டீக் கேனை மூடி வைத்துவிடுங்க, ஆறிவிடும். வடைத் தட்டு மேலே ஒரு பேப்பரைப் போடுங்க, ஈ உட்காருகிறது. எனக்கு இப்போது வேண்டாம். தப்பாக நினைக்காதீங்க. கொஞ்ச நாளாக வாயில் ஒரு துவர்ப்பு நிற்கிறது. எதைக் குடித்தாலும் அதுதான் முதலில் வருகிறது. டாக்டரிடம் காட்டினேன், ஒன்றுமில்லை, வயசாகிறது என்றார். ஐம்பத்திரண்டெல்லாம் ஒரு வயசா?

இந்த நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். காற்றுக்குத்தான்.

வந்ததும் உங்கள் பேனரைப் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆறாவதோடு நின்றவள். 'உலகப் பிரச்சனைகளும் நம் ஊரும்.' நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்கள். மைக்கில் நீங்க கூப்பிட்டதும் ஊர் முழுக்கக் கேட்டது. கேட்காமல் இருக்காது, இந்தச் சமுதாயக் கூடத்துக் குழாய் ஸ்பீக்கர் கத்தினால் பக்கத்து ஊர் நாயெல்லாம் குரைக்கும். ஆனால் நாள் பார்க்காமல் வந்துவிட்டீர்கள். இன்றைக்கு வளர்பிறை முகூர்த்தம். அதோ பாட்டு கேட்கிறது இல்லையா, அது மயிலாத்தா வீட்டுப் புண்ணியார்ச்சனை. புது வீட்டில் பால் காய்ச்சுகிறாள். ஊரே அங்கேதான் இருக்கிறது. இந்த ஜன்னலில் எட்டிப் பாருங்க, தெரியும். ரோஸ் கலர் பெயிண்ட், வாசலில் வாழை மரம் கட்டியிருக்கிறது. ரோஸ் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. மகன் சொல்லியிருப்பான்.

நானா? நான் போகாமல் இருப்பேனா. மயிலாத்தா எனக்கு அக்கா. கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான். கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷம் என்றால் படியேறி வந்து, குங்குமம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். கூப்பிடாத வீட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை, எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும். அவளுக்கு நேரம் இருந்திருக்காது. புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாக நின்று வீடு கட்டினவள். கடைசி நேரத்தில் ஞாபகம் வந்து, ஐயோ துளசியை விட்டுவிட்டேனே என்று ஓடி வருவாள். என் வீடு ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது, அவளுக்கு மூட்டு வலி வேறு. இங்கே என்றால் கூப்பிடு தூரம். கூட்டத்துக்கு வந்த மாதிரியும் ஆயிற்று, சேலை மாற்றிக்கொண்டு தயாராக இருந்த மாதிரியும் ஆயிற்று.

இந்தப் பையில் என்னவா? குடம். எவர்சில்வர். பாருங்க, கழுத்துக்குக் கீழே பேர் வெட்டியிருக்கிறது. 'மயிலாத்தாளுக்கு துளசிமணி.' கடைக்காரர், அன்பளிப்பு என்று சேர்த்து வெட்டட்டுமா என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அக்காளுக்குக் கொடுப்பது அன்பளிப்பா? புது வீட்டுக்குள் முதலில் நிறைகுடம் போக வேண்டும். வீட்டுக்காரர்களுடைய சொந்தக் கிணற்றுத் தண்ணீர் போக வேண்டும். அதை அவள் தூக்கக்கூடாது, சுமங்கலி தூக்க வேண்டும் என்பார்கள். அஸ்திவாரம் போட்ட அன்றைக்கே சொல்லிவிட்டாள், "கொடம் உன்ற தலையிலதான் புள்ளை. எனக்கு வேற ஆரு இருக்கறா?" அந்த வார்த்தைக்குத்தான் இந்தக் குடத்தை வாங்கி வைத்திருந்தேன். நான் சுமங்கலிதான், பேருக்கு. அவர் லாரியோடு போனால் மாதத்துக்கு ஒரு தடவை வருவார், வந்தால் தூங்குவார், போய்விடுவார்.

யாரோ வெளியே வருகிற மாதிரி இருந்தது. இல்லை, பந்தல்காரர்.

உலகப் பிரச்சனை எனக்கும் கொஞ்சம் தெரியும் அம்மிணி. சிரிக்காதீங்க. நான் சொல்கிறேன், சரியா என்று பாருங்க. பொழுது போகும்.

தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்தால் தூள் மிஞ்சும். நான் சின்னப் பெண்ணாக இருக்கிறபோது அதை ரோட்டோரம் மலை மாதிரிக் கொட்டி வைத்திருப்பார்கள். எவரும் சீண்ட மாட்டார்கள். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் அதைக் கேட்க ஆரம்பித்தார்கள். பொள்ளாச்சியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் களம் போட்டார்கள். இங்கேயும் ஒரு களம் வந்தது. தூளைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மிஷினில் அழுத்திக் கட்டியாக்கி, தூத்துக்குடிக்கு அனுப்பினால் கப்பலில் போகும். ஹாலந்து என்று ஒரு தேசம் இருக்கிறது. அங்கே கண்ணாடியால் வீடு கட்டி, அதற்குள்ளே நம் தூளைப் பையில் நிரப்பி, அதில் தக்காளி போடுகிறார்கள். நான் களத்துக்கு மேஸ்திரி. எனக்குக் கீழே எல்லாம் பொம்பளைகள். களத்தில் என் வார்த்தைதான்.

ஒரு தடவை அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தார். கொக்கு மாதிரி உயரம், மூக்கெல்லாம் வெயிலில் சிவந்துபோய். செல்போனில் படம் காட்டினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தக்காளிக் கொடி கூரை வரைக்கும் ஏறியிருந்தது. நான் முதலாளியிடம் கேட்டேன், "ஏனுங், அங்க மண்ணே கெடையாதுங்களா?" முதலாளி அவரிடம் இங்கிலீஷில் கேட்டுவிட்டுச் சொன்னார், "மண்ணு இருக்குதாமா. மண்ணுல வெச்சா நோவு வருமாமா. நம்ம தூள்ல வெச்சாச் சுத்தமா வருமாமா."

பின்னால் நின்ற ஒருத்தி, "அப்ப அவரு மண்ணை மிதிக்காமக் கட்டல்லயே ஒக்காந்திருப்பாராட்டம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். நல்ல மனுஷன். போகும்போது எனக்குக் கை கொடுத்தார். புருஷன் கூட எனக்குக் கை கொடுத்தது கிடையாது.

அதற்கப்புறம் எனக்கு அந்தத் தக்காளிக்காரர்கள் ஞாபகமாகவே இருக்கும். தூளில் உப்பு இருந்தால் அங்கே செடி கருகிப்போகும். உப்பு காட்டுகிற மீட்டரை முக்கிப் பார்ப்பார்கள், கொஞ்சம் கூடினாலும் ஏற்ற மாட்டார்கள். அதனால் கழுவுவோம், மறுபடி கழுவுவோம். தண்ணீர் டிகாஷன் மாதிரி ஓடும். ஓட ஓட எனக்கு மனசு நிறையும். அழுக்கு போகிறது என்றால் சந்தோஷம்தானே? "வெளுக்கற வரைக்கும் உடுங்கடி, அங்க ஒரு குடும்பம் நம்மளை நம்பிச் செடி வெச்சிருக்குது" என்று சத்தம் போடுவேன். என் களத்துத் தூளை ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பினது கிடையாது.

ஒரு வருஷம் அந்தப் பக்கம் சண்டை வந்து காஸ் விலை ஏறிப்போயிற்று. கண்ணாடி வீட்டைச் சூடு பண்ண முடியாமல் பாதிப் பேர் தக்காளியே போடவில்லை என்று முதலாளி சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கேயோ முகம் தெரியாதவன் வீட்டில் அடுப்பு அணைந்தால் இங்கே என் களம் காலியாகிறது. அன்றையிலிருந்து சீரியல் பார்ப்பதை விட்டேன். செய்திதான். எங்கே பனி, எங்கே சண்டை, எந்தக் கடலில் கப்பலை மறித்தார்கள், எல்லாம் பார்ப்பேன். மயிலாத்தா கேலி பண்ணுவாள். "ஏம் புள்ளை, ஒலகத்துக்கே நீதான் காவலாட்டம்" என்பாள்.

அவளிடம் தினமும் போவேன். சாயங்காலம் களம் முடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு அவள் தோட்டத்துக் கிணற்றுக்குப் போவேன். என் வீட்டில் வருவது உப்புத் தண்ணீர். அவள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேக வைத்தால் பூவாக வேகும். குடம் நிறைவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் வீட்டுக்கு வரும்போது இருட்டியிருக்கும். அவள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பாள், நான் ஊர்ப் பேச்சு, உலகப் பேச்சு எல்லாம் பேசுவேன். கேட்டாளோ இல்லையோ, ஊம் கொட்டுவாள். எனக்கு அந்த ஊம் போதும்.

இப்போது கேன் தண்ணீர் வாங்குகிறேன். வண்டியில் கொண்டுவந்து வாசலில் தொம்மென்று போட்டுவிட்டுக் காலிக் கேனை எடுத்துப் போய்விடுகிறார்கள். முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. சில நாள் அந்தக் கேனோடு நானே பேசிக்கொண்டிருப்பேன்.

உங்கள் பாட்டில் தண்ணீர் எந்த ஊர்? பேர் போட்டிருக்குமே. பரவாயில்லை, விடுங்க.

பிறகு என்ன ஆயிற்று என்றால், அந்தக் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது. ஒரு நாள் வாளியை இழுத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"துளசி, இதப் பாரு புள்ளை."

பார்த்தேன். லேசாகப் பழுப்பு. "எலை உழுந்திருக்கும்க்கா" என்றேன். அப்புறம் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றேன். படிகாரம் வாங்கிக் கொண்டுபோய் நானே போட்டேன். தூர் வாரச் சொன்னேன், வாரினாள். தண்ணீர் இன்னும் கருத்தது. அவள் மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இது உன்ற களத்துத் தண்ணி" என்றாள் ஒரு நாள்.

"என்ற களமா? நான் என்ன மொதலாளியாக்கா?"

"வாய்க்கா எங்க வந்து நிக்குதுன்னு ஒரு நடை வந்து பாரு."

எனக்கு வேலை இருந்தது அம்மிணி. அப்போது பெரிய ஆர்டர். களத்திலிருந்து கழிவு போக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள், அது பள்ளத்துக்குப் போகும். பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் அவள் தோட்டம். அதற்கு நான் என்ன செய்ய? நான் வெட்டவில்லையே. அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறதை யார் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

களத்தின் மேல் ஆபீஸில் மனு போட்டுவிட்டாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை, நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவளாகவே முடிவு பண்ணிக்கொண்டாள். போட்டிருக்க மாட்டேன்தான். ஆனால் கேட்டிருக்கலாம் இல்லையா?

ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். களத்தைப் பார்த்தார்கள், வாய்க்காலைப் பார்த்தார்கள், கடைசியாகக் கிணற்றுக்கு வந்தார்கள். முதலாளி கூடவே வந்தார். களத்துப் பொம்பளைகளும் வேலையை நிறுத்திவிட்டு வந்தார்கள், வேலை போய்விடுமோ என்று எல்லோர் முகமும் வெளுத்திருந்தது. மயிலாத்தா ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு அவர்கள் முன்னால் நீட்டினாள். வெயில்பட்டு அது ஒரு நிறமாக இருந்தது.

"நீங்க இதக் குடிப்பீங்களா சார்? குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க."

ஆபீஸ்காரர் கை நீட்டவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். பார்த்தாரோ இல்லையோ, எனக்கு அப்படி இருந்தது. நான் முன்னால் போய் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"நான் குடிக்கறனுங் சார். வருசக் கணக்கா இந்தத் தண்ணியத்தான் குடிக்கறன்."

ஒரே மூச்சில் குடித்தேன். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். ஆபீஸ்காரர் சிரித்தார், முதலாளி சிரித்தார், களத்துப் பொம்பளைகள் கை தட்டினார்கள். எனக்கு என்ன ஆயிற்று? ஒன்றுமே ஆகவில்லை. இதோ உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அவளுக்கு நல்லதுதான் செய்தேன் அம்மிணி. நீங்களே சொல்லுங்க. கெட்டுப்போன கிணறு என்று ஆபீஸில் எழுதிவிட்டால் அந்தப் பூமியை யார் மதிப்பார்கள்? அவள் மகன் பூபதிக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அந்தத் தோட்டத்தில் போய் என் பெண் எப்படிக் குடித்தனம் பண்ணுவாள் என்று கேட்க மாட்டார்களா? களத்துப் பொம்பளைகள் அத்தனை பேருக்கும் பிழைப்பு வேறு இருக்கிறது. இதையெல்லாம் யோசித்துத்தான் குடித்தேன். அவளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தனியாக ஒரு நிமிஷம் கிடைத்தால் போதும், சொல்லிவிடுவேன், புரிந்துகொள்வாள்.

அவள் திட்டவில்லை, அழவில்லை. டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று சாயங்காலமும் நான் குடத்தோடு போனேன். தோட்டத்துக் கதவு சாத்தியிருந்தது. "அக்கா" என்று கூப்பிட்டேன். உள்ளே டிவி ஓடியது. அடுத்த நாளும் போனேன். அதற்கப்புறம் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நிறுத்திக்கொண்டேன்.

இப்போது களமும் இல்லை. அதுதான் வேடிக்கை. அவள் மனுவால் நின்றது என்று களத்துப் பொம்பளைகள் இன்னும் பேசுகிறார்கள். அது இல்லை, எனக்குத் தெரியும், நான் செய்தி பார்க்கிறவள். செங்கடல் பக்கம் கப்பலை அடித்தார்கள், கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. வாடகை ஏறிற்று, தூள் கட்டியெல்லாம் துறைமுகத்திலேயே கிடந்தது. முதலாளி களத்தை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். என்னிடம் வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. தக்காளிக்காரர்கள் வேறு ஊர்த் தூளை வாங்கியிருப்பார்கள். நன்றாகக் கழுவியிருக்கிறார்களா என்னவோ. பொம்பளைகள் பனியன் கம்பெனி வண்டியில் திருப்பூருக்குப் போகிறார்கள், என் வயசுக்கு எடுக்க மாட்டேன் என்கிறார்கள். களத்தில் இப்போது நாய் படுத்திருக்கிறது. கிணறு மட்டும் அப்படியேதான் இருக்கிறதாம். களம் நின்றால் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். தெளியவில்லையாம்.

இருங்க, யாரோ வருகிறார்கள். இங்கேதான் வருகிறார்கள். பார்த்தீர்களா, நான் சொன்னேன் இல்லையா? பூபதி. அவளுடைய மகன். கூட இரண்டு பேர். என் முந்தானை பின்னால் சரியாக இருக்கிறதா? வா சாமி, வா.

"இங்க கூட்டமுங்களா?"

கூட்டம்தான் சாமி. இந்த அம்மிணி கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கிறார். நான் சும்மா கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன். பால் காய்ச்சியாயிற்றா?

"காத்தாலயே ஆச்சுங்க."

நிறைகுடம்?

"சித்தப்பா சம்சாரம் எடுத்தாங்க. கேன் தண்ணிதானுங்க ஊத்தினது. கெணத்துத் தண்ணிய சாமிக்கு முன்னால வெக்க முடியாதுங்களே."

சரிதான் சாமி. கேன் தண்ணீர் சுத்தமானது. அம்மா எப்படி இருக்கிறாள்?

"இருக்கறாங்க. அம்மாதான் அனுப்பிச்சாங்க."

கேட்டீர்களா அம்மிணி? அம்மாதான் அனுப்பினாளாம். இரு சாமி, இந்தப் பையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"பந்திக்குச் சேர் பத்தலைங்க. கூட்டத்துல சும்மா கெடந்தா வாங்கிட்டு வரச் சொன்னாங்க. மேடம், எடுத்துக்கலாமுங்களா?"

எடுத்துக்கொள்ளட்டும் அம்மிணி. கொடுத்துவிடுங்க. விசேஷ வீட்டில் சாப்பிட வந்தவர்கள் நிற்கக்கூடாது. உங்கள் கூட்டத்துக்கு ஆள் வந்தால் தரையில் ஜமக்காளம் விரித்துக்கொள்ளலாம். எடு சாமி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொள். மெதுவாக, கால் உடைந்துவிடும். நானும் எழுந்துகொள்கிறேன், இதையும் எடுத்துக்கொள்.

"வேண்டாமுங்க, நீங்க உக்காருங்க. மேடத்துக்கும் உங்களுக்கும் அந்த ரெண்டும் இருக்கட்டும். கொஞ்சம் காலு மட்டும் எடுத்துக்கங்க, இதை இழுக்கோணும்."

போய்விட்டார்கள்.

எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான், பார்த்தீர்களா? வாங்க, போங்க, உக்காருங்க. சின்ன வயதில் சின்னம்மா சின்னம்மா என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். இப்போது பெரியவனாகிவிட்டான், சின்னம்மா என்று கூப்பிட வெட்கமாக இருக்கும். நாலு பேர் முன்னால் அப்படித்தான். வீட்டுக்கு வாங்க என்று சொல்ல வாயெடுத்திருப்பான். நாற்காலி அவசரத்தில் மறந்துவிட்டான். பந்திக்கு ஆள் உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

குடத்தைக் கொடுத்தனுப்பியிருக்கலாம் என்கிறீர்களா? அது எப்படி அம்மிணி. அதை நான்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவளே சொன்னது.

கூடம் இப்போது பெரிதாகத் தெரிகிறது இல்லையா. பேசினால் எதிரொலிக்கிறது. நீங்க எனக்கு மட்டுமாவது பேசுங்க. நான் கேட்கிறேன், எனக்கு இதெல்லாம் பிடிக்கும். இல்லை, அதற்கு முன்னால் ஒன்று செய்கிறீர்களா? நான் இங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. பூபதி போய்ச் சொல்ல மாட்டான், ஆம்பளைப் பிள்ளைகளுக்கு வீட்டில் எதையும் சொல்கிற பழக்கம் கிடையாது. தெரிந்தால் வந்துவிடுவாள். மூட்டு வலியோடாவது வந்துவிடுவாள்.

மைக்கில் இன்னொரு தடவை கூப்பிடுங்க. கூட்டம் ஆரம்பித்துவிட்டது என்று சொல்லுங்க. வந்திருக்கிறவர்கள் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க, பெரிய கூட்டங்களில் அப்படிச் சொல்வார்களே. துளசிமணி வந்திருக்கிறார் என்று சொல்லுங்க. களத்து மேஸ்திரி என்று சொல்ல வேண்டாம். துளசிமணி என்று மட்டும் சொல்லுங்க, அவளுக்குத் தெரியும்.

இப்போது வேண்டாம், இந்தப் பாட்டு ரொம்ப சத்தமாக இருக்கிறது, காதில் விழாது. முடியட்டும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடுவார்கள். சுவிட்சைப் போட்டு மைக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்க.

நின்றுவிட்டது. இப்போது சொல்லுங்க.